மலை ஏறிய புவியியல் ஆசிரியர்

(மாவட்ட அளவில் நடைபெற்ற சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிறகு வரும் அமர்வு எப்படி இருக்கும் என்று வகுப்பறையில் நிற்கிற நம் எல்லோருக்கும் தெரியும். அதனால் இன்று கற்றல் விளைவுகள் பற்றியோ மதிப்பீட்டு அட்டவணை பற்றியோ நான் பேசப்போவதில்லை. ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் நம்மைப் போல ஓர் ஆசிரியர். அதிலும் புவியியல் ஆசிரியர். பெயர் குர்தியால் சிங்.

நம்மில் பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். டென்சிங் நார்கேயைத் தெரியும். பச்சேந்திரி பாலைத் தெரியும். பொது அறிவு வினாவிடைப் புத்தகத்தில் அவர்கள் இருக்கிறார்கள். குர்தியால் சிங் அதில் இல்லை. ஆனால், சுதந்திர இந்தியாவில் ஓர் இந்தியர் தலைமை ஏற்று இமயத்தின் பெரிய சிகரம் ஒன்றுக்குக் குழுவை அழைத்துச் சென்று ஏறிய முதல் நிகழ்வைத் தேடினால் 1951ஆம் ஆண்டும் இவர் பெயரும்தான் கிடைக்கும். அப்போது அவருக்கு வயது 27. டேராடூனில் உள்ள டூன் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

ஆசிரியர் அறையில் கிடைத்த மலை

குர்தியால் சிங் 1924 ஜனவரி முதல் நாள் பிறந்தவர். பஞ்சாபில் புவியியல் படித்துவிட்டு 1945இல் டூன் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். இந்தப் பள்ளி 1935இல் தொடங்கப்பட்டது. வன ஆராய்ச்சி நிறுவனம் முன்பு இருந்த சாந்த்பாக் என்ற மரங்கள் அடர்ந்த வளாகம் அதற்குக் கிடைத்தது. வடக்கே பார்த்தால் முசௌரி மலைத்தொடர்.

மலை கண்ணுக்குத் தெரிகிற ஊரில் இருப்பதால் மட்டும் ஒருவர் மலை ஏறிவிடுவதில்லை. குர்தியால் சிங்குக்கு வழிகாட்டியாக அமைந்தவர்கள் அந்தப் பள்ளியின் மூத்த ஆசிரியர்கள். ஜான் மார்ட்டின், ஜாக் கிப்சன், ஹோல்ட்ஸ்வர்த் ஆகிய மூவரும் ஆங்கிலேயர்கள். மூவருக்கும் மலை என்றால் உயிர்.

ஹோல்ட்ஸ்வர்த் 1931இல் காமெட் சிகரத்தின் உச்சியைத் தொட்ட குழுவில் இருந்தவர். 7756 மீட்டர் உயரம். அந்நாளில் மனிதன் ஏறியிருந்த சிகரங்களிலேயே அதுதான் உயரமானது. அந்த உச்சியில் உட்கார்ந்து அவர் தன் புகைக்குழாயைப் பற்றவைத்தார் என்பது மலையேறுவோர் இன்றும் சொல்லிச் சிரிக்கிற செய்தி. அவர் அந்தக் குழுவின் தாவரவியலாளரும்கூட. திரும்பும் வழியில் அந்தக் குழுவினர் ஒரு பள்ளத்தாக்குக்குள் இறங்கினார்கள். எங்கு பார்த்தாலும் பூக்கள். இன்று உலகப் பாரம்பரியக் களமாக இருக்கிற 'பூக்களின் பள்ளத்தாக்கு' வெளியுலகுக்குத் தெரியவந்தது அப்படித்தான்.

கிப்சன் 1946இல் பந்தர்பூஞ்ச் சிகரத்துக்குக் குழு அழைத்துச் சென்றார். உடன் சென்ற ஷெர்ப்பா யார் தெரியுமா? டென்சிங். எவரெஸ்டில் ஏறுவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பு. அந்த முறை உச்சியை எட்ட முடியவில்லை. 1950இல் கிப்சன் மீண்டும் குழுவோடு போனார். அப்போது டென்சிங்கும் ராய் கிரீன்வுட்டும் இன்னொரு ஷெர்ப்பாவும் உச்சியை அடைந்தார்கள். அந்த மலையை 'டூன் பள்ளியின் மலை' என்று டென்சிங் குறிப்பிடுவது வழக்கம். ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரில் ஒரு மலையைச் சொல்வது எவ்வளவு பெரிய சிறப்பு!

இந்த மூவரோடு ஒரே அறையில் தேநீர் குடித்துக்கொண்டு, ஒரே மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டு இருந்தார் இளைஞர் குர்தியால் சிங். விடுமுறை வந்தால் அவர்களோடு மலைக்குப் போனார். எந்தப் பயிற்சி நிறுவனத்திலும் அவர் சேரவில்லை. சேர்வதற்கு நாட்டில் அப்படி ஒரு நிறுவனமே அப்போது இல்லை. டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்ற நிறுவனம் தொடங்கியது 1954 நவம்பரில்தான்.

நம் பள்ளிகளிலும் பாருங்கள். புதிதாகப் பணியில் சேர்ந்த ஓர் ஆசிரியர் எப்படிப்பட்டவராக ஆவார் என்பதை முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆசிரியர் அறையில் அவர் கேட்கிற பேச்சு பெரிதும் தீர்மானிக்கிறது. அங்கே பஞ்சப்படியும் இடமாறுதலும் மட்டும் பேச்சாக இருந்தால் அவரும் அதையே பேசுவார். பக்கத்து நாற்காலியில் ஒரு ஹோல்ட்ஸ்வர்த் உட்கார்ந்திருந்தால் அந்த இளைஞர் போகும் வழி வேறாக இருக்கும்.

திரிசூல், 1951

திரிசூல் உத்தராகண்டில் உள்ள சிகரம். சிவனின் சூலம் போல மூன்று முனைகள் தெரிவதால் அந்தப் பெயர். உயரம் 7120 மீட்டர். நம் தொட்டபெட்டா 2637 மீட்டர். இரண்டரை மடங்குக்கும் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் முதன்முதலில் ஏறியவர் டாம் லாங்ஸ்டாஃப் என்ற ஆங்கில மருத்துவர். ஆண்டு 1907. இரண்டு ஆல்ப்ஸ் மலை வழிகாட்டிகளும் கர்பீர் என்ற கூர்க்கா வீரரும் உடன் ஏறினார்கள். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் இமயத்தின் பெரிய சிகரங்கள் எல்லாம் வெளிநாட்டார் வந்து ஏறுகிற இடங்களாகவே இருந்தன. நம்மவர்கள் சுமை தூக்கினார்கள், வழி காட்டினார்கள். தலைமை ஏற்கவில்லை.

1951 கோடை விடுமுறையில் குர்தியால் சிங் கிளம்பினார். கையடக்கமான சிறு குழு. ஷெர்ப்பாக்களும் உள்ளூர்ச் சுமைதூக்கிகளும் உடன் வந்தார்கள். ரிஷி கங்கை ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாக உள்ளே போனார்கள். ஆறு மலையை அறுத்துக்கொண்டு ஓடுகிற மிக ஆழமான இடுக்கு அது. நாம் பாடத்தில் கரும்பலகையில் 'வி' வடிவம் போட்டுக் காட்டுவோமே, அதன் உண்மை வடிவத்துக்குள் நடந்து போனார் ஒரு புவியியல் ஆசிரியர்.

ஜூன் 23 அன்று குர்தியால் சிங்கும் ராய் கிரீன்வுட்டும் ஷெர்ப்பா தாவா தொண்டுப்பும் திரிசூலின் உச்சியை அடைந்தார்கள். அங்கே குர்தியால் சிங் சிரசாசனம் செய்தார். 7120 மீட்டர் உயரத்தில், பனியின்மேல், தலைகீழாக நின்றார்! அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்குதான். நான்கு அடி எடுத்துவைத்தாலே மூச்சு வாங்கும். அங்கே அந்த மனிதருக்கு அவ்வளவு உற்சாகம்.

உடன் ஏறிய தாவா தொண்டுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1934இல் நங்க பர்பத் மலையில் பனிப்புயல் பலரைக் கொன்றபோது உயிரோடு இறங்கிவந்தவர்களில் ஒருவர் அவர். 1950இல் அன்னபூர்ணா ஏறிய பிரெஞ்சுக் குழுவிலும் பணியாற்றியவர். அனுபவத்தில் தன்னைவிடப் பல மடங்கு பெரியவரான ஒருவரோடு சேர்ந்துதான் அந்த இளம் ஆசிரியர் உச்சியில் நின்றார். தலைவர் என்ற பெயர் ஒருவருக்கு, மலையின் அறிவு இன்னொருவருக்கு. இரண்டும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன.

இதே செய்தியை வகுப்பில் இப்படிப் பயன்படுத்தலாம். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்று சொல்லிக்கொடுக்கிறோம். கடல்மட்டத்தில் 30 டிகிரி இருந்தால் திரிசூல் உச்சியில் எவ்வளவு என்று கேளுங்கள். 7.12ஐ 6.5ஆல் பெருக்கினால் 46 வரும். ஆக, பூஜ்யத்துக்குக் கீழே 16 டிகிரி. 'அந்தக் குளிரில் ஒரு டீச்சர் தலைகீழா நின்னாரு' என்று சொல்லிவிட்டு அந்தக் கணக்கைப் போடச் சொல்லிப் பாருங்கள், மொத்த வகுப்பும் போடும்.

இன்னொரு தொடர்பும் உண்டு. இமயச் சிகரங்களின் உயரங்களை அளந்து கணக்கிட்ட பெரும் முக்கோண அளவைப் பணி தொடங்கியது நம் சென்னையில், பரங்கிமலை அருகே. 1802இல் லாம்ப்டன் அங்கே முதல் அடிக்கோட்டை அளந்தார். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக வடக்கே போன வேலை அது. இன்று நில அளவைத் துறையின் தலைமையகம் இருப்பது டேராடூனில், அதாவது குர்தியால் சிங் பாடம் நடத்திய அதே ஊரில்.

அதே மாதம், பக்கத்து மலையில்

மலையேற்றம் என்றால் வெற்றிக் கதை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது.

குர்தியால் சிங் திரிசூலில் இருந்த அதே 1951 ஜூன் மாதம், அதே பகுதியில் ஒரு பிரெஞ்சுக் குழு நந்தாதேவியில் இருந்தது. நந்தாதேவிக்கு முதன்மைச் சிகரம், கிழக்குச் சிகரம் என இரண்டு உச்சிகள். ஒன்றில் ஏறி, இடையே உள்ள முகட்டின் மேலேயே நடந்து, மற்றொன்றுக்குப் போக வேண்டும் என்பது அவர்கள் திட்டம். குழுத் தலைவர் ரோஜர் தியூப்லாவும் கில்பர் வீஞ்யும் ஜூன் 29 அன்று உச்சி நோக்கிப் போனார்கள். திரும்பி வரவில்லை. அவர்களைத் தேடும் முயற்சியாகக் கிழக்குச் சிகரத்தில் ஏறியவர்களில் ஒருவர் நம் டென்சிங்.

திரிசூல் உச்சியில் ஒருவர் மகிழ்ச்சியில் தலைகீழாக நின்றதற்கும் பக்கத்து மலையில் இருவர் காணாமல் போனதற்கும் இடையே ஆறே நாட்கள்.

டூன் பள்ளியையும் அந்தத் துயரம் தொட்டது. கிப்சனிடமும் ஹோல்ட்ஸ்வர்த்திடமும் மலையேறக் கற்ற மாணவர் நந்து ஜயால். ராணுவத்தில் மேஜராகி, டார்ஜிலிங் நிறுவனத்தின் முதல் முதல்வராகவும் ஆனவர். 1958இல் சோ ஓயு மலைக்குச் சென்ற இந்தியக் குழுவில் இருந்தபோது உயரத்தின் பாதிப்பால் இளம் வயதிலேயே உயிரிழந்தார். மாணவனுக்கு மலையைக் காட்டிய ஆசிரியர்கள் உயிரோடு இருக்க, மாணவன் மலையில் இறந்துபோனான். அந்த ஆசிரியர்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகும் அவர்கள் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்வதை நிறுத்தவில்லை. டூன் பள்ளியில் பருவத்தின் இடையே சில நாட்கள் விடுமுறை விட்டு மாணவர்களை மலைக்கும் காட்டுக்கும் அனுப்புகிற வழக்கம் இன்றும் தொடர்கிறது. மேல் வகுப்பு மாணவர்கள் சிறு குழுக்களாகத் தாங்களே திட்டமிட்டுப் போகிறார்கள். எங்கே தங்குவது, என்ன சமைப்பது, எவ்வளவு செலவு, எந்த வழி, எல்லாம் அவர்கள் பொறுப்பு.

உச்சி தொடாத ஆண்டுகள்

குர்தியால் சிங் 1958இல் மிருக்தூனி சிகரத்துக்குக் குழு அழைத்துச் சென்றார். 6855 மீட்டர். அதுவரை யாரும் ஏறியிராத சிகரம். ஏறினார்கள். 1961இல் மீண்டும் நந்தாதேவிப் பகுதிக்குப் போனார்.

1962இல் எவரெஸ்டுக்குச் சென்ற இரண்டாவது இந்தியக் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. டூன் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஹரி டாங்கும் அதில் இருந்தார். அந்த முறை கோலி, சோனம் கியாட்சோ, ஹரி டாங் மூவரும் உச்சிக்கு ஏறத்தாழ 130 மீட்டர் கீழே வரை போனார்கள். காற்று விடவில்லை. பொழுதும் இருட்டத் தொடங்கிவிட்டது. திரும்பினார்கள். கடைசி முகாமில் மூன்று இரவுகள் தங்க வேண்டிவந்தது. 130 மீட்டர் என்பது நம் பள்ளி விளையாட்டுத் திடலை ஒரு நீளம் கடக்கிற தூரம். அவ்வளவு அருகில் போய்த் திரும்புவது என்று முடிவெடுத்ததால்தான் மூவரும் உயிரோடு வந்தார்கள். கோலியும் கியாட்சோவும் 1965இல் மறுபடி போக முடிந்தது.

அந்த 1965 குழுவிலும் குர்தியால் சிங் இருந்தார். வயது 41. கோலி தலைமையில் நான்கு தடவையாக ஒன்பது பேர் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். நாடே கொண்டாடியது. குழு முழுவதற்கும் அர்ஜுனா விருது கிடைத்தது. அந்த ஒன்பது பேரில் குர்தியால் சிங் இல்லை. மேலே போகிற இருவருக்காகக் கீழே பலர் முகாம் அமைத்து, சுமை ஏற்றி, காத்திருக்க வேண்டும். அந்த வேலை செய்தவர்களில் அவரும் ஒருவர்.

திரும்பி வந்து அதே பள்ளியில் அதே புவியியல் பாடத்தை நடத்தினார். மொத்தம் முப்பது ஆண்டுகளுக்கும் மேல். மாணவர்கள் அவரை 'குரு' என்றே அழைத்தார்கள். குர்தியால் என்பதன் சுருக்கமும் அதுதான், பொருளும் அதுதான்! மலையில் நடக்கும்போது பறவையின் குரலையும் பூவின் பெயரையும் சொல்லிக்கொண்டே வருவாராம். 2023 மே மாதம், தம் 99ஆம் வயதில் காலமானார்.

நாம் என்ன செய்ய முடியும்?

இப்போது உங்கள் மனத்தில் ஓடுவது எனக்குக் கேட்கிறது. 'டீச்சர், அது பணக்காரப் பிள்ளைகள் படிக்கிற பள்ளி. அங்கே இமயமலை இருக்கிறது. எங்களுக்கு ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர். நாற்பது நிமிடப் பாடவேளை. ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?'

நியாயமான கேள்வி. கட்டணத்தையும் வசதியையும் பொறுத்தவரை நமக்கும் அந்தப் பள்ளிக்கும் எட்டாத தூரம்தான். ஆபத்து பற்றிய அச்சமும் நியாயமானது. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் பலர் இறந்ததை நாம் மறக்கவில்லை. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு அடிகூட வைக்கக் கூடாது. ஆற்றிலும் குளத்திலும் பிள்ளைகளை இறக்கக் கூடாது. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் நான் கேட்பது இமயமலையை இல்லை. பள்ளிக்கு வெளியே ஒரு கிலோமீட்டர் சுற்றளவு.

எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஒரு கரடு இருக்கிறது. புறம்போக்குப் பாறைக்குன்று. மேலே ஏறினால் ஊரும் ஏரியும் ஏரிக்குக் கீழே வயலும் தெரியும். எட்டாம் வகுப்புக்குப் பாறைகள் பாடமும் நிலத்தோற்றப் பாடமும் நடத்துகிறேன். கரடு சன்னல் வழியாகத் தெரிகிறது. நான் கரும்பலகையில் மலை வரைகிறேன். எத்தனை நாளைக்கு இப்படி வரைவது என்று தோன்றியது.

தலைமையாசிரியரிடம் பேசி, உரிய அனுமதி பெற்று, பெற்றோர் கையெழுத்துக்குக் கடிதம் அனுப்பினேன். மறுநாள் ஒரு மாணவியின் அம்மா பள்ளிக்கு வந்துவிட்டார். 'பொம்பளப் புள்ளைய எதுக்கு டீச்சர் கரட்டுக்கெல்லாம் கூட்டிட்டுப் போறீங்க? பரிட்சையில அதையா கேக்கப் போறாங்க?' என்றார். நான் வாதாடவில்லை. 'நீங்களும் வாங்கம்மா, கூட ஒரு பெரியவங்க இருந்தா எனக்கும் தைரியம்' என்றேன். வந்தார். வரும்போது இன்னொரு அம்மாவையும் அழைத்து வந்தார். இரண்டு தாய்மார்கள், உடற்கல்வி ஆசிரியர், நான், முப்பத்திரண்டு பிள்ளைகள்.

எங்கள் வகுப்பில் ஒரு மாணவன். கேள்வி கேட்டால் தலை குனிந்துகொள்வான். சனி ஞாயிறு ஆடு மேய்ப்பவன். கரட்டு அடிவாரம் வந்ததும் அவன் முன்னால் போய்விட்டான். 'டீச்சர், இந்தப் பக்கம் வேணாம், பாறை வழுக்கும். அந்தால சுத்திப் போலாம்' என்றான். எங்கே சுனை இருக்கிறது, எந்தப் பொந்தில் உடும்பு இருக்கும், எந்தச் செடியை ஆடு தொடாது, எல்லாம் சொன்னான். ஆவாரையும் கிளுவையும் நுணாவும் அவனுக்கு எழுத்தில் எழுத வராது, கண்ணால் நூறு அடி தள்ளியே சொல்லுவான். எனக்குத் தாவா தொண்டுப் நினைவுக்கு வந்தார். அன்று கயிற்றின் முன்முனை அவன் கையில்தான் இருந்தது.

முக்கால் பங்கு ஏறியிருப்போம். மேற்கே மேகம் கறுத்து இடி கேட்டது. வெட்டவெளிப் பாறையில் இடியோடு விளையாட முடியாது. 'இறங்கலாம்' என்று சொன்னேன். 'இன்னும் கொஞ்சம்தான் டீச்சர்' என்று பிள்ளைகள் கெஞ்சினார்கள். இறங்கிவிட்டோம். பள்ளிக்கு வந்ததும் மழை கொட்டியது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு 1962 எவரெஸ்ட் கதையைச் சொன்னேன். 130 மீட்டர் கதை. வகுப்பு அமைதியாகிவிட்டது. ஒரு மாணவி கேட்டாள்: 'திரும்பி வந்தவங்கள யாராவது திட்டினாங்களா டீச்சர்?' மதிப்பெண்ணில் ஒன்று குறைந்தாலும் திட்டு வாங்குகிற பிள்ளை கேட்கிற கேள்வி அது. 'இல்லை, அவர்களில் ஒருவரைத்தான் அடுத்த குழுவுக்குத் தலைவர் ஆக்கினார்கள்' என்று சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடி போனோம். உச்சியில் நின்று ஏரியின் மதகையும் கலங்கலையும் வாய்க்காலையும் பார்த்து நிலப்படம் வரைந்தார்கள். திசையும் குறியீடும் பிழையில்லாமல் வந்தன. முதலில் ஆட்சேபித்த அந்த அம்மா தன் வீட்டுக் கூரையைக் கண்டுபிடித்து மகளுக்குக் காட்டினார். 'இத்தனை வருசம் இந்த ஊர்ல இருக்கேன், ஊரு இப்படி இருக்கும்னு இப்பத்தான் பார்க்கிறேன்' என்றார்.

பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிற வீடுகளில் நான் பச்சேந்திரி பாலைப் பற்றிச் சொல்வதுண்டு. 1984 மே 23 அன்று எவரெஸ்டில் ஏறிய முதல் இந்தியப் பெண். உத்தரகாசி அருகே ஒரு கிராமத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் பள்ளிச் சுற்றுலா சென்றபோதுதான் முதன்முதலாக மலை ஏறினார். பிறகு முதுகலையும் பி.எட். பட்டமும் பெற்றார். நம்மைப் போல ஆசிரியப் பயிற்சி முடித்தவர்! அன்று அந்தப் பள்ளிச் சுற்றுலாவை ஏற்பாடு செய்த ஆசிரியர் யாரோ? அவர் பெயர் எந்த வினாவிடைப் புத்தகத்திலும் இல்லை.

போவதற்கு முன்

போக விரும்புகிற ஆசிரியர்களுக்கு, செய்து பார்த்ததிலிருந்து சில குறிப்புகள் சொல்கிறேன்.

முதலில் பிள்ளைகள் இல்லாமல் நீங்கள் ஒருமுறை அதே நேரத்தில் அதே வழியில் நடந்து பாருங்கள். நிழல் எங்கே, தண்ணீர் எங்கே, கிணறு எங்கே திறந்து கிடக்கிறது, தேன்கூடு எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம் எவ்வளவு தூரம் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

எழுத்துப்பூர்வ அனுமதியும் பெற்றோர் ஒப்புதலும் கட்டாயம். வெயிலுக்கு முன் கிளம்பி, பத்தரை மணிக்குள் திரும்பிவிடுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜோடி. ஜோடி காணாவிட்டால் உடனே சத்தம் போட வேண்டும். முன்னால் ஒரு பெரியவர், கடைசியில் ஒரு பெரியவர், இருவரிடமும் விசில். ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுங்கள்.

ஆஸ்துமா, வலிப்பு போன்ற தொந்தரவு உள்ள பிள்ளைகள் யார் என்று முன்பே கேட்டு வையுங்கள். நடக்க இயலாத பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையும் வரக்கூடிய இடமாகத் தேர்ந்தெடுங்கள். ஏரிக்கரை போதும். ஊர்ச் சந்தை போதும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளியின் சுற்றுச்சுவரை ஒட்டிய பத்து மரங்களே போதும்.

திரும்புகிற நேரத்தைக் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். மழை, இடி, குளவி, ஒரு பிள்ளைக்குத் தலைசுற்றல், எது வந்தாலும் எவ்வளவு தூரம் போயிருந்தாலும் திரும்பிவிட வேண்டும். அதைப் பிள்ளைகள் முன்னிலையில், காரணம் சொல்லிச் செய்யுங்கள். எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அவர்கள் நம்மிடம்தான் கற்க வேண்டும்.

முடிவாக ஒன்று. குர்தியால் சிங்கிடம் படித்த எல்லோரும் மலையேறிகள் ஆகிவிடவில்லை. பெரும்பாலோர் அலுவலகங்களுக்கும் தொழில்களுக்கும் போனார்கள். ஆனால் புத்தகத்தில் படித்த நிலத்தின்மேல் தன் காலால் நடந்து பார்த்த ஓர் ஆசிரியரிடம் அவர்கள் நிலத்தைப் பற்றிக் கேட்டார்கள். அந்த வாய்ப்பு கட்டணம் கட்டுகிற பிள்ளைகளுக்கு மட்டும் கிடைத்தால் போதும் என்று நாம் விட்டுவிட முடியாது. நம் பிள்ளைகளில் பலர் மண்ணோடு பிறந்தவர்கள். மண்ணைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததைப் பாடத்தோடு சேர்த்துக் கட்டுகிற முடிச்சு மட்டும் நம்மிடம் இருக்கிறது.

அடுத்த பருவம் தொடங்குவதற்குள் உங்கள் பள்ளியிலிருந்து நடந்து போகக்கூடிய ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, குறுவள மையக் கூட்டத்தில் அதன் பெயரை எழுதிக் கொடுங்கள். கரடோ, கம்மாயோ, ஓடையோ, எதுவானாலும் சரி. ஒருவர் போய் வந்த அனுபவம் மற்றவருக்கு வழியாகட்டும். ஆசிரியர் அறையில் அதைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள். பக்கத்து நாற்காலியில் புதிதாக வந்த இளம் ஆசிரியர் ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார்.